இரும்பு நானா போன வழி

"கனகா, இரும்பு நானா கிடைச்சிட்டார்!"

ஒஸ்வால்ட் போனில் அப்படிக் கத்தியபோது நான் உயர்தர வகுப்புப் பிள்ளைகளின் கணக்கியல் விடைத்தாள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். ஐம்பதைத் தொடப்போகிற ஆளுக்குப் பன்னிரண்டு வயதுக் குரல் வந்திருந்தது. மருதானையில் பழைய புத்தகக் கடையொன்றில், சின்ன வயதில் நாங்கள் படம் பார்த்த அந்தச் சிங்கள வாரப் பத்திரிகையின் முழுக் கட்டையும் கண்டெடுத்தானாம். முதல் இதழ் தொடக்கம் கடைசி இதழ் வரை, ஒன்றும் குறையாமல்.

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வீட்டுக்கு வா. எல்லாத்தையும் திருப்பி வாசிப்பம். மக்கீனுக்கும் சொல்லியிருக்கிறன்."

"உனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியுமோடா?"

"மக்கீன் வாசிப்பான். அவன் வராட்டி மாக்ரெட் இருக்கிறாதானே."

மாக்ரெட் அவனுடைய மனைவி. நீர்கொழும்புக்காரி, சிங்கள மீடியத்தில் படித்தவள். வருகிறேன் என்றேன். குண்டுவெடிப்பும் சோதனைச் சாவடியுமாக ஊர் கிடந்த இரண்டாயிரத்தெட்டாம் ஆண்டில், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு ஒரு ரோபோவைப் பார்க்க பஸ் ஏறுவதென்றால் பைத்தியம்தான். ஆனாலும் ஆசை யாரை விட்டது.

இரும்பு நானா என்பது அந்த ரோபோவுக்கு நாங்கள் வைத்த பெயர்; முஸ்லிம்கள் அண்ணனை நானா என்பார்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரே ஒழுங்கையில் நாங்கள் நாலு பேர்: நான், என் தம்பி தில்லைநாதன், ஒஸ்வால்ட், மக்கீன். மக்கீனின் வாப்பாவுக்குப் பெட்டிக்கடை. பீடி, வெற்றிலை, பத்திரிகை. வியாழக்கிழமைகளில் ஒரு சிங்களச் சித்திரக் கதைப் பத்திரிகை வரும். அதன் கடைசிப் பக்கம் முழுக்க ஒரு ரோபோவின் கதை. எங்களில் மக்கீனுக்கு மட்டும்தான் சிங்களம் வாசிக்கத் தெரியும். வியாபாரத்துக்கு உதவும் என்று வாப்பா அவனைச் சிங்கள மீடியத்தில் போட்டிருந்தார். கடைக்குப் பின்னால் சாக்குக் குவியலில் உட்கார்ந்து அவன் தமிழில் சொல்வான். நாங்கள் படம் பார்ப்போம். பத்திரிகையை மடிக்கக் கூடாது, எச்சில் தொட்டுப் புரட்டக் கூடாது. கதை முடிந்ததும் அது புதுப் பத்திரிகையாகவே கடைக் கயிற்றுக்குத் திரும்பிப் போய்விடும். அதனால் எங்களில் ஒருவரிடமும் ஒரு இதழ்கூட மிஞ்சவில்லை.

மக்கீன் சொல்லும்போது அவன் சுட்டுவிரல் ஒவ்வொரு கட்டமாக நகரும். பத்திரிகை இல்லாத நாளில் பழைய கதையைக் கேட்டாலும் விரல் தன்பாட்டில் முழங்காலில் கட்டம் கட்டமாகப் போகும். அவன் சொன்ன இரும்பு நானா துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். சீனி போட்ட மண்ணெண்ணெய் குடிப்பார். யாருக்கும் அடிக்கமாட்டார், கள்ளனைப் பிடித்தால் லாம்புக் கம்பத்தின் உச்சியில் உட்காரவைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். மீன் விற்கிற மயிலம்மா என்ற கிழவி அவரை "தகரப் பயலே" என்று ஏசுவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு அவரைப் பிடிக்கும். தில்லைக்கு அவர் தெய்வம். ரேடியோப் பெட்டிகளைக் கழற்றிக் கழற்றி அடி வாங்கி, கடைசியில் அவன் ரேடியோவும் டீவியும் திருத்தும் தொழிலுக்கே போனதற்கு இரும்பு நானாதான் காரணம்.

அந்தத் தொழில்தான் அவனுக்கு எமனாய் வந்தது. தொண்ணூற்றேழில் வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியைச் சுற்றிவளைத்தபோது, வீட்டில் கிடந்த வயர்களையும் பற்றரிகளையும் கண்டவுடன் பொலிஸ்காரர் வேறு ஒன்றும் கேட்காமல், குண்டு செய்கிறவன் என்று அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்தது. பிரசவத்துக்கு அம்மா ஊருக்குப் போனதால் எங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் விழுந்தது. மற்றபடி அவன் கொட்டாஞ்சேனைப் பொடியன்.

அன்று நான் ஓடியது மக்கீனிடம். வேறு யாரிடம் ஓடுவது? எண்பத்துமூன்று கலவரத்தில் எங்கள் வீடு எரிந்தபோது எங்களைத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வாசலில் குந்திக்கொண்டிருந்தவன் அவன். அம்மாவையும் என்னையும் பொலிஸ் நிலையத்துக்கு எதிர்ப்பக்கம் ஒரு பேக்கரிக்கு முன்னால் நிற்கச் சொன்னான்.

"நீங்க வரவாணாம். ஒங்கட அட்டையப் பாத்தா ஒங்களையும் உள்ளுக்குப் போட்டுருவாங்க. எனக்கிட்ட சிங்களம் ஈக்கி. நான் கேட்டுட்டு வாறன்."

போய் வந்தான். ரோட்டைக் கடந்து வந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"பின் கேட்டால விட்டுட்டாங்களாம். லொறியொண்டில ஏறிப் போயிட்டானாம். எங்க எண்டு ஒத்தருக்கும் தெரியா. ஆனா உசிரோட ஈக்கான்."

உயிரோடு இருக்கிறான் என்று கேட்டதும் அம்மா நடு ரோட்டில் கை கூப்பினாள். இதை யாருக்கும் சொல்லவேண்டாம் என்றும், தேடிப்போனால் திரும்பவும் பிடிப்பார்கள் என்றும் மக்கீன் சொன்னான். நாங்கள் கேட்டோம். முறைப்பாடு கொடுக்கவில்லை. வக்கீலைப் பார்க்கவில்லை. மற்றத் தாய்மார் படத்தைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு முகாமாக அலைந்தபோது, எங்கள் பிள்ளை தப்பிவிட்டான் என்ற களவுச் சந்தோசத்தோடு நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு வீட்டில் இருந்தோம். அந்தச் செய்திக்காக ஒவ்வொரு பெருநாளுக்கும் அம்மா மக்கீனுக்கு உடுத்த ஒரு சாரம் வாங்கி அனுப்பினாள். சாகும்வரை அனுப்பினாள்.

அம்மா போனபிறகு தங்கை பாலேஸ்வரி ரொறன்ரோவிலிருந்து அலுக்காமல் கூப்பிடுகிறாள். பிளட்டை வித்துப்போட்டு வாங்கோ அக்கா, அங்கை தனிய என்ன செய்யிறியள் என்பாள். நான் போகவில்லை. தில்லைக்குத் தெரிந்த விலாசம் இது ஒன்றுதான். அவன் வந்து கதவைத் தட்டும்போது யாரோ முகம் தெரியாதவன் திறந்தால் என்ன செய்வான்? அந்த ஒரு எண்ணத்தில்தான் என் வாழ்க்கையைக் கட்டிப்போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது ஒஸ்வால்ட் வீட்டு மேசையில் பத்திரிகைக் கட்டு இருந்தது. தாள் பழுத்து மஞ்சளாகிவிட்டிருந்தது. தைரியமாக எச்சில் தொட்டுப் புரட்டினேன். மக்கீன் வரவில்லை.

"கண்ணில ஒப்பரேஷனாம். ஒரு எழுத்தும் வாசிக்க ஏலாதாம்" என்றான் ஒஸ்வால்ட். "அதுகள ஏன் இப்ப தோண்டுறீங்க எண்டு ஏசினான். வயசு போக அவனுக்கு விசர்."

மாக்ரெட் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் இதழை எடுத்தாள். மக்கீன் சொன்ன கதை அவளுக்குத் தெரியாது. உள்ளதை உள்ளபடி வாசித்துத் தமிழில் சொன்னாள்.

"ஒரு பணக்கார முதலாளி வெளிநாட்டில இருந்து ஏழாம் நம்பர் யந்திரத்தை வாங்கிக்கொண்டு வாறார். வேலைநிறுத்தம் செய்யிற ஆக்களை அடிச்சுத் துரத்த."

"பிழை, பிழை" என்றான் ஒஸ்வால்ட். "துறைமுகத்தில மூட்டை தூக்க."

"துறைமுகமெண்டு ஒண்டுமில்ல இதில."

"சரி, மயிலம்மா எங்க? இந்தா, இந்தக் கிழவி."

மாக்ரெட் குனிந்து பார்த்தாள். "இது கிழவியில்ல. கள்ளக் கடத்தல்காரன், பொம்பிள வேசத்தில."

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அடுத்த இதழில் இரும்பு நானா ஒருவனின் கையைப் பிடித்திருந்தார். அவர் அவனுக்கு பைலா ஆடக் காட்டிக்கொடுக்கிறார் என்று மக்கீன் சொன்னது எனக்கு நன்றாக ஞாபகம். நாங்களும் எழும்பி ஆடியிருக்கிறோம்.

"கையை முறிக்கிறார்" என்றாள் மாக்ரெட். "கீழ எலும்புச் சத்தம் போட்டிருக்கு."

"கேக்கிறவன் கேனையன் எண்டால் எருமைமாடு ஏரோப்பிளேன் ஓட்டுமாம்" என்றேன். "எங்கள் மூண்டு பேரையும் வைச்சு அவன் நல்லா ஓட்டியிருக்கிறான்."

சிரித்துக்கொண்டே புரட்டினோம். பக்கத்துக்குப் பக்கம் இரும்பு நானா யாரையாவது நசுக்கிக்கொண்டிருந்தார். குடிசைகளைப் பிடுங்கி எறிந்தார். நான் நேசித்த மனுசன் அந்தத் தாளில் எங்குமே இல்லை. மக்கீன் எங்களுக்கு வாசிக்கவே இல்லை. படத்தைப் பார்த்துத் தன் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கிறான். ஒரு கிழமையாவது உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கோபம் வந்தது. ஆனாலும் சிறுபிள்ளை விளையாட்டு, போகட்டும் என்று தேற்றிக்கொண்டேன்.

மாக்ரெட் கடைசி இதழுக்கு வந்தாள். படத்தில் ஒரு தொழிற்சாலை. புகைக்கூண்டிலிருந்து கரும்புகை. பின்பக்கத்தில் கேட் ஒன்று திறந்திருக்க, ஒரு லொறி வெளியே போய்க்கொண்டிருந்தது.

"யந்திரம் பழுதாகிப்போச்சு, முதலாளி அதை உருக்கச் சொல்லிட்டார்" என்று மாக்ரெட் வாசித்தாள். "துண்டு துண்டா வெட்டி உருக்கிப்போட்டாங்கள். மிச்ச இரும்பை லொறியில ஏத்தி அனுப்பினாங்கள். முற்றும்."

"சேச்சே" என்றான் ஒஸ்வால்ட். அவனுக்கு இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. "அப்பிடியில்ல மாக்ரெட். இந்தப் படத்தைக் கண்டு தில்லை அழத் தொடங்கிட்டான். அப்பதான் மக்கீன் சொன்னவன்." மக்கீனைப் போலவே குரலை மாற்றி, விரலைப் படத்தில் வைத்து நகர்த்தினான். "பின் கேட்டால விட்டுட்டாங்க. லொறியொண்டில ஏறிப் போயிட்டார். எங்க எண்டு ஒத்தருக்கும் தெரியா. ஆனா உசிரோட ஈக்கார்."

மாக்ரெட் என்னைப் பார்த்துப் பயந்துபோய்த் தண்ணீர் எடுக்க எழுந்தாள். என் முகம் எப்படி ஆனதோ எனக்குத் தெரியாது. பொலிஸ் நிலையத்தில் மக்கீன் என்ன கேட்டுவந்தான் என்று நாங்கள் ஒரு ஆளுக்கும் சொன்னதில்லை, ஒஸ்வால்டுக்கும்கூட. படத்தின் மேல் நின்றுபோன அவன் விரலைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். பேக்கரிக்கு முன்னால் அம்மாவின் கையைப் பிடித்திருந்தபோது மக்கீனின் விரல் அவள் புறங்கையில் இப்படித்தான் நகர்ந்தது. தடவிக்கொடுக்கிறான் என்று நினைத்தேன்.

மக்கீனின் வீடு இரண்டு தெரு தள்ளி. இப்போது பெட்டிக்கடை இல்லை; கீழே ஹாட்வெயார் கடை, மேலே வீடு. செருப்பைக் கழற்றிவிட்டு நான் படியேறியபோது அவன் ஜன்னலோரம் இருந்து பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தான். கண்ணில் கட்டும் இல்லை, கறுப்புக் கண்ணாடியும் இல்லை. உடுத்தியிருந்தது அம்மா கடைசியாக வாங்கி அனுப்பிய ஊதாக் கரைச் சாரம்.

"ஒப்பரேஷன் நல்லாச் சரிவந்திருக்குப் போல" என்றேன்.

அவன் பத்திரிகையை மடித்தான். அவன் மனைவி பைறோஸா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். எங்கள் இருவரின் முகத்தையும் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"கடைசி இதழ் வாசிச்சம் மக்கீன்."

"அது புள்ளையல்ட கதை கனகா."

"நான் மற்றக் கதையைக் கேட்க வந்தனான். அண்டைக்குப் பொலிஸில உனக்கு என்ன சொன்னவங்கள்?"

அவன் வாயைத் திறந்தான். நான் கையைக் காட்டினேன்.

"தமிழாக்காத. அவங்கள் சொன்னதை அப்பிடியே சிங்களத்தில சொல்லு."

மடித்த பத்திரிகையைப் பக்கத்தில் வைத்தான். பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "எஹெம கெனெக் மெஹாட்ட கெனாவே நே."

அப்படி ஒருவரை இங்கே கொண்டுவரவில்லை. பஸ்ஸிலும் மரக்கறிக் கடையிலும் பொறுக்கிய என்னுடைய அரைகுறைச் சிங்களத்துக்கே அது விளங்கியது. இவ்வளவுதானா? இதைக் கேட்டுவரவா எனக்கு இன்னொருவன் தேவைப்பட்டான்?

ஆனால் மனம் வெட்கம் கெட்டது. உடனே அதிலும் ஒரு வழி தேடியது. "அப்ப அவனை அங்க கொண்டுபோகவே இல்லையோ? வேற இடத்துக்குக் கொண்டுபோயிருப்பாங்களோ?"

மக்கீன் இல்லையென்று தலையை ஆட்டினான். "வாசல்ல ஒரு செருப்புக் குவியல் ஈந்திச்சி. பிடிச்சவங்கட செருப்புகள். அதில தில்லைட செருப்பக் கண்டன். வார் அறுந்து நான் செம்புக் கம்பி போட்டுக் கட்டிக் குடுத்த செருப்பு."

"கண்டிட்டு நீ கேக்கேல்லையோ?"

"கேட்டன். அங்க ஈந்த பொலிஸ் பெரியவர் எழும்பி வந்து என்ட பேரையும் கடை அட்ரஸையும் எழுதிக்கிட்டார். இன்னொருக்கா வந்தா நீயும் செருப்பக் கழட்டி அதில போட்டுட்டுத்தான் உள்ளுக்குப் போகணும் எண்டார்." அவன் ஜன்னல் பக்கம் திரும்பினான். "எனக்கு மூணு புள்ளையல் கனகா. வெளிய வந்தா ஒங்கட உம்மா நிக்கிறா. படத்தக் கண்டு தில்லை அழுதானே, அந்த மூஞ்சி. எனக்கு வாயில அதுதான் வந்திச்சி."

"தில்லைக்கு அப்ப ஒன்பது வயசு. நீ பொலிஸில இருந்து வரேக்க எனக்கு முப்பத்தேழு வயசடா!" என்று கத்தினேன். கீழே கடைக்குக் கேட்டிருக்கும், கேட்கட்டும். "செருப்பு வாசல்ல கிடந்தால் ஆள் உள்ளுக்க இருந்திருக்கிறான். அந்த மதிலுக்கு அங்கால உசிரோட இருந்திருக்கிறான். அம்மா கை கூப்பிக்கொண்டு வீட்டை போனா. ஒரு வக்கீலைப் பிடிச்சிருப்பம். காலில விழுந்திருப்பம். சத்தம் போட்டிருப்பம். ஒண்டும் செய்யவிடாமல் நீ எங்களுக்குக் கதை சொல்லி அனுப்பினனீ. பிறகு பெருநாளுக்குப் பெருநாள் சாரமும் வாங்கிக் கட்டினனீ."

அவன் தன் சாரத்தைக் குனிந்து பார்த்தான். அழுதான். எனக்கு அவன் அழுகை பொறுக்கவில்லை. ஒரு காலத்தில் எங்களுக்காக வாசலில் குந்தியிருந்தவன் என்பதை மறக்கவும் முடியவில்லை. அதுதான் இன்னும் எரிந்தது. பகைவன் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போய்விடலாம். சிநேகிதன் செய்ததை எங்கே கொண்டுபோய்ப் போடுவது?

"சரி" என்றேன். "நாளைக்கு என்னோட பொரளைக்கு வா. காணாமல்போன ஆக்களுக்கு முறைப்பாடு எடுக்கிற ஒபிஸ் இருக்கு. செருப்பைக் கண்டது நீ ஒராள்தான். வேற ஒண்டும் வேண்டாம். அதை மட்டும் சொல்லு."

மக்கீன் முகத்தைத் துடைத்தான். உள்ளே திரைச்சீலைக்குப் பின்னால் பைறோஸாவின் நிழல் அசையாமல் நின்றது. அவன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு மெதுவாகச் சொன்னான்:

"அந்த ஒபிஸ இப்ப மூடிட்டாங்க கனகா. நேத்து ஒத்தர் கடைக்கு வந்து சென்னார். பழைய பைல் எல்லாத்தையும் லொறியொண்டில ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்களாம். எங்க எண்டு ஒத்தருக்கும் தெரியா..."

மேசைத் துணியில் அவன் சுட்டுவிரல் நகர்ந்துகொண்டிருந்தது. ஒரு கட்டம், அதற்குப் பக்கத்தில் அடுத்த கட்டம், பிறகு கீழ் வரிசை.

கதை முடியும்வரை நான் இருக்கவில்லை. வாசலில் அவன் வீட்டாரின் செருப்புகளோடு கிடந்த என் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். நாளை காலையில் பொரளைக்கு நான் தனியே போவேன். என் அரைகுறைச் சிங்களம் போதும். செருப்பைக் கண்டது யார் என்று கேட்பார்கள். மக்கீனின் பெயரையும் விலாசத்தையும் ஒரு சொல்கூட மாற்றாமல் சொல்வேன்.